மெஸ் அக்காவின் கணக்கு நோட்டு: சோமனூரில் சாப்பிட்டவர்கள் வரவும்

காடாத்துணி | 2025 அக்டோபர் 4, இரவு 9.40

சோமனூரில் தறி ஓட்டியவர்கள், அங்கே ரூம் எடுத்துத் தங்கித் திருப்பூருக்கும் கோவைக்கும் ரயிலில் போய்வந்தவர்கள், எல்லாரும் இந்த இழைக்கு வாருங்கள். ஸ்டேஷனிலிருந்து நடக்கிற தூரத்தில் ஓட்டு வீட்டில் ஒரு மெஸ் இருக்கிறதே, நான்கு பெஞ்சு, கை கழுவுகிற இடத்தில் கறிவேப்பிலை மரம். அதைத்தான் சொல்கிறேன். கடைப் பெயர் வேண்டாம். சாப்பிட்டவர்களுக்குப் புரிந்திருக்கும்.

2020 மார்ச் 24 சாயங்காலம் கொரோனாவுக்காக 144 போட்டார்கள். உட்கார்ந்து சாப்பிடக் கூடாது, பார்சல் மட்டும் என்றார்கள். தறி எல்லாம் நின்றுவிட்டது, பார்சல் வாங்கக் காசு யாரிடம் இருந்தது? பத்து நாள் பார்த்துவிட்டு அக்கா பின்கட்டில் விறகு அடுப்பை மூட்டிவிட்டார். தினமும் மத்தியானம் அரிசிம்பருப்புச் சாதம், சுமார் 130 பொட்டலம். மே நடுவில் தறி மறுபடி ஓடுகிற வரைக்கும் 40 நாள் கொடுத்தார். பெயர் கேட்கவில்லை, ஆதார் கேட்கவில்லை, போட்டோ எடுக்கவில்லை. இது போக, கையில் காசு இல்லாத மற்ற நாட்களிலும் நோட்டில் எழுதிவிட்டுச் சாப்பாடு போட்டது தனிக் கதை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். போன வாரம் போயிருந்தேன். மத்தியானம் ஒரு மணிக்கு இரண்டு பெஞ்சு காலி. இந்த வருஷம் மார்ச்சில் கூலி உயர்வு கேட்டுத் தறிகள் நின்றன. அது முடிந்து மூச்சு விடுவதற்குள், ஆகஸ்ட் 27 முதல் அமெரிக்கா நம் சரக்குக்கு 50 சதவீத வரி என்றது. திருப்பூரில் ஆர்டர் குறைந்து, ரூமில் இருந்த பையன்கள் பாதிப் பேர் ஊருக்குப் போய்விட்டார்கள். ராத்திரி டிபனை நிறுத்திவிடலாம் என்று அக்கா யோசிக்கிறார்.

நமக்குக் கஷ்டம் வந்தபோது சோறு போட்டவருக்கு இப்போது நாம் என்ன செய்யலாம்? யோசனை சொல்லுங்கள்.

---

ஓவர்லாக் | இரவு 10.05

அந்த 130இல் ஒன்று என்னுடையது. சின்ன வெங்காயம், தட்டிப் போட்ட பூண்டு, இறக்குகிற சமயம் ஒரு கரண்டி தேங்காயெண்ணெய். பொட்டலத்தைப் பிரித்ததும் வருகிற வாசனை இன்னும் மூக்கில் இருக்கிறது. ரூமில் ஆறு பேர், அதில் நான்கு பேர் ஒடிசா பையன்கள். முதல் நாள் சாம்பார் சாதம் கெட்டியாகிவிட்டது என்று நினைத்துத் தண்ணீர் ஊற்றிக் கலக்கினார்கள்! மூன்றாம் நாள் தொட்டுக்க ஊறுகாய் இருக்கிறதா என்று கேட்கிற அளவுக்கு வந்துவிட்டார்கள்.

பணம் திரட்டினால் நான் ரெடி.

---

கணக்குப்புள்ளி | இரவு 10.31

பணம் திரட்டும் முன் அவருக்கு என்ன செலவாகியிருக்கும் என்று பாருங்கள். நானும் கோவையில் சின்னதாய் ஒரு டிபன் கடை நடத்தியவன் என்பதால் சொல்கிறேன். 130 பொட்டலத்துக்குப் பன்னிரண்டு கிலோ அரிசி, நாலு கிலோ பருப்பு வேண்டும். 2020 விலையில் அரிசி 540 ரூபாய், பருப்பு 400. வெங்காயம், தக்காளி, பூண்டு, எண்ணெய், மிளகாய் என்று 300. விறகுக்கும் கவருக்கும் இன்னொரு 400 வையுங்கள். நாளுக்கு 1,640. பொட்டலம் ஒன்று பன்னிரண்டு, பதிமூன்று ரூபாய். 40 நாளைக்கு 65,000 ரூபாய்க்குப் பக்கம் வருகிறது.

நாலு பெஞ்சு மெஸ்ஸுக்கு இது சின்னத் தொகை இல்லை, கடையும் மூடிக் கிடந்த நேரம். ஒன்று மட்டும் புத்திசாலித்தனமாகச் செய்திருக்கிறார். அரிசிம்பருப்பு ஒரே அண்டாவில் முடிகிற சமையல். சோறு தனி, குழம்பு தனி, பொரியல் தனி என்று இறங்கியிருந்தால் ஆளும் அடுப்பும் கவரும் இரண்டு மடங்கு ஆகியிருக்கும். பத்து நாளில் நின்றிருக்கும்.

---

கிணத்துக்கடவான் | இரவு 11.12

தக்காளியைக் கணக்கிலிருந்து எடுத்துவிடுங்க. அந்த ஏப்ரலில் தக்காளி பறிகூலிக்கே கட்டவில்லை. மார்க்கெட்டுக்குக் கொண்டுபோனால் வண்டி வாடகை கைநட்டம். செடியிலேயே விட மனசில்லாமல், அந்தப் பக்கம் போகிற பால் வண்டியில் ஆறு கூடை போட்டுவிட்டேன். இரண்டு கூடை அந்த மெஸ்ஸுக்குப் போனது என்று அப்புறம்தான் தெரியும். தர்மம் என்றெல்லாம் நினைக்கவில்லை. அழுகுவதற்குப் பதில் யாராவது தின்னட்டும் என்று விட்டேன், அவ்வளவுதான்.

---

நேர்ப்பேச்சு | அக்டோபர் 5, காலை 6.50

எல்லாரும் உருகுகிறீர்கள், சரி. ஒரு கேள்வி. அந்த 40 நாளில் அங்கே பாத்திரம் கழுவிய அம்மாவுக்கு, பரிமாறின பையனுக்குச் சம்பளம் வந்ததா? எனக்குத் தெரிந்த ஓர் ஓட்டல் முதலாளி ஊர் முழுக்க அரிசி மூட்டை கொடுத்தார். ஒரு மூட்டையைப் பன்னிரண்டு பேர் பிடித்துக்கொண்டு நிற்கிற போட்டோ பேப்பரில் வந்தது. அதே முதலாளி அந்த மாதம் சப்ளையர்களை ஊருக்குப் போகச் சொல்லிவிட்டார், கையில் ஒரு ரூபாய் கொடுக்காமல். அதனால் எனக்கு இந்த மாதிரிக் கதைகளில் முதலில் வருகிற சந்தேகம் இதுதான்.

---

ஓவர்லாக் | காலை 7.15

அக்காவையும் அந்த முதலாளியையும் ஒரே தராசில் வைக்கிறீர்களே. சாப்பிட்டவன் சொல்கிறேன், அவர் அந்த ரகம் இல்லை.

---

நேர்ப்பேச்சு | காலை 7.22

நீங்கள் சாப்பிட்டவர். நான் கேட்டது வேலை செய்தவர்களைப் பற்றி.

---

மட்டுறுத்துநர் | காலை 8.00

கேள்வி நியாயமானது, அதனால் விட்டு வைக்கிறேன். ஆனால் எந்தக் கடையின் பெயரும் போன் நம்பரும் இங்கே வரக் கூடாது. தனி மடலில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

---

கல்லடுப்பு | காலை 10.48

வணக்கமுங்க. இதற்காகவே கணக்குத் தொடங்கினேன். அந்த மெஸ்ஸில் 2016 முதல் 2023 வரை மாஸ்டராக இருந்தவன் நான்தான். இப்போது அவிநாசிப் பக்கம் வேறு கடையில் இருக்கிறேன்.

கேட்டவருக்குப் பதில். அப்போது என்னோடு சேர்த்து நான்கு பேர். ஏப்ரல், மே இரண்டு மாதமும் அரைச் சம்பளம் கையில் கொடுத்தார்கள். மூன்று வேளைச் சோறு அங்கேயே. மீதி அரைச் சம்பளத்தை அந்த வருஷம் தீபாவளிக்கு முன்னால் எனக்கும் இன்னும் இரண்டு பேருக்கும் கொடுத்து முடித்தார்கள். பாத்திரம் கழுவிய அம்மா மே கடைசியில் மகள் ஊருக்குப் போனவர், திரும்பி வரவில்லை. அவருக்கு வர வேண்டியது போய்ச் சேரவில்லை. அது நிஜம். மூடி மறைக்க மாட்டேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எல்லாவற்றையும் அக்கா தன் பணத்தில் செய்தது போலப் பேசுகிறீர்கள். அவரிடம் அவ்வளவு பணம் இல்லைங்க. அரிசி மண்டிக்காரர் மூன்று மாதம் பாக்கி கேட்காமல் சிப்பம், அதாவது அரிசி மூட்டை, இறக்கினார். அவருக்குக் காங்கேயம் மில்லில் தவணை நீட்டிக் கொடுத்தார்கள். வீட்டு ஓனர் இரண்டு மாத வாடகையை அப்புறம் வாங்கிக்கொண்டார், தள்ளுபடி செய்யவில்லை. தினத்தண்டல்காரர் மட்டும்தான் ஒரு நாளும் விடவில்லை. ரோட்டில் போலீஸ் தடுப்பு இருந்தும் அவர் வண்டி எப்படி வந்தது என்று இன்றைக்கு வரைக்கும் எனக்குப் புரியவில்லை.

அந்த மண்டி பாக்கி அடைய 2021 கடைசி ஆகிவிட்டது. அதற்குள் 19 கிலோ சிலிண்டர் 2,000 ரூபாயைத் தாண்டிவிட்டது. அடுத்த வருஷம் 25 கிலோ வரைக்கும் பை போட்டு விற்கிற அரிசிக்கு ஜிஎஸ்டி வந்து, அதற்குத் தப்பச் சிப்பம் 26 கிலோ ஆனது. அந்த ஒரு கிலோவைப் பற்றி மண்டியில் அக்கா போட்ட சண்டையைத் தனி இழையாக எழுதலாம்.

---

நேர்ப்பேச்சு | காலை 11.30

நேராகப் பதில் சொன்னதற்கு நன்றிங்க மாஸ்டர். அந்த அம்மா எந்த ஊருக்குப் போனார் என்று தெரிந்தால் நல்லது. திரட்டுகிற பணத்தில் முதல் பங்கு அங்கே போகட்டும் என்பேன்.

---

திருச்சிரோடு | மதியம் 1.20

பணம் திரட்டுவதை விடுங்கள். நான் பேச நினைத்தது நோட்டைப் பற்றி. கடன் எழுதிச் சோறு போடுவது நல்ல முறையா என்பதே என் சந்தேகம்.

நம் பக்கத்திலேயே வேறு வழிகள் இருக்கின்றன. சிங்காநல்லூர் சாந்தி சோஷியல் சர்வீசஸ் கேன்டீன். சாந்தி கியர்ஸ் நிறுவனர் சுப்பிரமணியம் 1996இல் தொடங்கிய அறக்கட்டளை அது. அவர் 2020 டிசம்பரில் காலமாகிவிட்டார், கேன்டீன் ஓடிக்கொண்டிருக்கிறது. அங்கே யாருக்கும் கடன் கிடையாது, விலையே குறைவு. காரில் வந்தவரும் கைலியில் வந்தவரும் ஒரே வரிசை, ஒரே டோக்கன். வடிவேலம்பாளையம் கமலாத்தாள் பாட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். இட்லி ஒரு ரூபாய். ஊரடங்கில் உளுந்து விலை ஏறியபோதும் ஏற்றவில்லை. சும்மா கொடுக்கவும் இல்லை. அந்த ஒரு ரூபாயை வைத்துவிட்டு எழுந்தால் யாருக்கும் யாரும் கடமைப்படவில்லை. அம்மா உணவகமும் 2013இல் ஒரு ரூபாய் இட்லியோடுதான் வந்தது.

சும்மா கொடுத்தால் வாங்குகிறவன் கூச்சப்படுவான். கடன் கொடுத்தால் பயப்படுவான். சின்ன விலை வைத்தால் இரண்டும் இல்லை.

---

கணக்குப்புள்ளி | மதியம் 2.02

பின்னால் ஓர் அறக்கட்டளை இருந்தால் சின்ன விலை வைக்கலாம். பாட்டிக்கு வீட்டு முற்றம், விறகு, வாடகை இல்லை. அப்படியும் 2019இல் ஊர் உலகத்துக்குத் தெரிந்த பிறகு கேஸ் இணைப்பு கிடைத்து, 2022 அன்னையர் தினத்துக்கு ஆனந்த் மஹிந்திரா தரப்பில் வீடும் கட்டிக் கொடுத்தார்கள். வாடகைக் கட்டடத்தில் நான்கு பேருக்குச் சம்பளம் கொடுக்கிற மெஸ், ஒரு ரூபாய்க்கு இட்லி போட்டால் ஒன்பதாம் நாள் பூட்டு. சின்னக் கடைக்காரருக்கு இருக்கிற ஒரே வழி நோட்டுதான். நெசவுக்காரருக்குச் சனிக்கிழமைதான் கூலி என்கிற ஊரில் நோட்டு இல்லாமல் எந்தக் கடையும் ஓடாது, ஊரடங்கு வந்தாலும் வராவிட்டாலும்.

---

குறுக்குச்சந்து | மாலை 6.37

முதல் பதிவு. இரண்டு நாளாகப் படித்துவிட்டு எழுதலாமா வேண்டாமா என்று இருந்தேன்.

அந்த நோட்டில் நான் இருக்கிறேன். 2022 ஜனவரியில் தறி நின்றதே, அப்போது. மனைவியையும் பிள்ளையையும் மாமியார் வீட்டுக்கு அனுப்பிவிட்டேன். மத்தியானம் எங்கேயாவது சமாளிப்பேன். ராத்திரி மட்டும் மெஸ்ஸில் டிபன், 40 ரூபாய். ஏழு வாரம். என் கணக்கில் 46 நாள், 1,840 ரூபாய்.

தறி ஓடின முதல் சனிக்கிழமைக் கூலி வட்டிக்குப் போனது. அடுத்த சனிக்கிழமை பள்ளிக்கூடத்துக்கு. அதற்கடுத்த வாரம் கையில் 500 இருந்தது. 1,840க்கு 500 கொடுத்தால் என்ன நினைப்பார் என்று அந்தத் தெருவில் போகவில்லை. அப்புறம் கோயிலுக்குப் பின்னால் இருக்கிற சந்து வழியாகப் போய்ப் பழகிவிட்டேன். மூன்றரை வருஷமாக அந்தச் சந்துதான். சாப்பிடுவது வேறு கடையில். அங்கே ரசம் வெந்நீர் மாதிரி இருக்கும். காசு கொடுத்துச் சாப்பிடுகிறேன்.

ஒரு தடவை பஸ் ஸ்டாப்பில் எதிரில் வந்துவிட்டார். "என்ன கண்ணு, ஆளையே காணோம், உடம்பு கிடம்பு சரியில்லையா?" என்று கேட்டார். பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. கேட்டிருந்தால் அங்கேயே கொடுத்துத் தொலைத்திருப்பேன். அன்றைக்குப் பையில் இருந்தது.

---

ஊடைநூல் | இரவு 7.10

நானும் அப்படித்தான். தொகை 600தான். ஆனால் கதை அதேதான்.

---

காடாத்துணி | இரவு 8.55

குறுக்குச்சந்து அண்ணா, நீங்கள் எழுதியதைப் படித்த பிறகு என் முதல் பதிவையே மாற்றி எழுதலாமா என்று தோன்றுகிறது. இரண்டு பெஞ்சு காலியாக இருப்பதற்கு அமெரிக்காவையும் தறி நின்றதையும் காரணம் சொல்லிக்கொண்டிருந்தேன். அதில் ஒரு பெஞ்சு உங்களுடையது, ஊடைநூலுடையது. பாக்கியைக்கூட விடுங்கள். இந்த மூன்றரை வருஷத்தில் நீங்கள் வாரத்துக்கு நான்கு நாள் அங்கே சாப்பிட்டிருந்தால் அந்த 1,840ஐப் போலப் பல மடங்கு வியாபாரம் நடந்திருக்குமே.

அக்கா யாரையும் விரட்டவில்லை. கேட்காமல் இருந்ததுதான் விரட்டிவிட்டது போலிருக்கிறது. திருச்சிரோடு சொன்ன பயம் இதுதான் என்றால், ஆமாம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்த ஏழு வாரம் நோட்டு இல்லாவிட்டால் இவர் ராத்திரி எங்கே சாப்பிட்டிருப்பார்?

---

தூக்குப்போசி | இரவு 9.30

நான் ஒரு பெண்ணாக வேறு பக்கத்திலிருந்து சொல்கிறேன். நாங்கள் மெஸ்ஸில் உட்கார்ந்து சாப்பிட்டதே இல்லை. 2021 மே கடைசியில், ஒரு நாள் தொற்றுக் கணக்கில் சென்னையையே கோவை தாண்டிய அந்த வாரம், எங்கள் வீட்டில் நான்கு பேருக்கும் கொரோனா. வாசலில் தகரம் அடிக்காத குறை. பக்கத்து வீட்டில் ஜன்னல்கூடத் திறக்க மாட்டார்கள். அக்கா காலையில் கேட்டில் ஒரு தூக்குப்போசியை மாட்டிவிட்டு, தள்ளி நின்று "அம்மிணி, கஞ்சி இருக்குது, சூட்டோட குடிங்கோ" என்று சத்தம் போடுவார். சாயங்காலம் கொள்ளு ரசமும் குழைந்த சோறும். பதினோரு நாள். போசியைத் திருப்பி வாங்கும்போது வெந்நீர் ஊற்றிக் கழுவிக்கொள்வார்.

குணமான பிறகு பணம் கொண்டுபோனேன். வாங்கவில்லை என்று எழுதினால் உங்களுக்கெல்லாம் பிடிக்கும். வாங்கிக்கொண்டார்! கஞ்சிக்கு இல்லை, ரசம் சோற்றுக்கு மட்டும். "நோயாளிக் கஞ்சிக்குக் காசு வாங்கினா எங்கம்மா கனவுல வந்து திட்டும்" என்றார்.

அதனால் அவரிடம் உண்டியலோ செக்கோ கொண்டுபோகாதீர்கள். வேலை கொடுங்கள். வளைகாப்பு, புதுமனை, கம்பெனியில் தீபாவளிக்கு முந்தின நாள் சாப்பாடு, எதுவாக இருந்தாலும் ஐம்பது பேருக்கு அவரிடம் சொல்லுங்கள். என் நாத்தனார் வீட்டு வளைகாப்புக்கு எழுபது பேர் டிபன் நேற்றே சொல்லிவிட்டேன். சந்தகை, தேங்காய்ப்பால், ஒப்புட்டு.

---

ஓவர்லாக் | இரவு 9.41

எங்கள் யூனிட்டில் இப்போது ஓ.டி. இல்லை, ஆனாலும் பதினெட்டுப் பேர் இருக்கிறோம். கேன்டீன் டீயைத் தவிர எல்லாம் வெளியில்தான். மத்தியானச் சாப்பாடு கேரியரில் வருமா என்று கேட்கிறேன். சோமனூரிலிருந்து ரயிலில் தினமும் வருகிற ஆள் இரண்டு பேர் உண்டு.

---

காடாத்துணி | அக்டோபர் 8, இரவு 8.20

போய்க் கேட்டுவிட்டு வந்தேன். இந்த இழையையும் போனில் காட்டினேன். கண்ணாடி இல்லை என்று பேரனைப் படிக்கச் சொன்னார். மாஸ்டர் எழுதினதைப் படித்ததும் சிரித்தார். பாத்திரம் கழுவிய அம்மா பற்றி வந்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. "அவங்க மக ஊரு தாராபுரம் பக்கம். வெலாசம் கேட்டு வெக்காதது என் தப்புதாஞ் சாமி" என்றார். மாஸ்டர், உங்களுக்கு ஏதாவது பிடி கிடைக்குமா?

பணம் திரட்டித் தரலாமா என்று கேட்டேன். வேண்டாம் என்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் சொன்னது இது: "பாக்கி வெச்சவங்க குடுத்தா வாங்கிக்குவேன். நான் எதுக்கு வேண்டாம்பேன்? எண்ணெய் டின்னு என்ன வெலை தெரியுமா? ஆனா திங்காதவங்க காசு எனக்கு எதுக்குங்க. அது நோட்டுல எங்க எழுதறது?"

நோட்டைக் காட்டினார். பழைய டைரி, நூல் கம்பெனி கொடுத்தது. ஊருக்கே போய்விட்ட ஒடிசாப் பையன்கள் பெயரெல்லாம் அவர் காதில் விழுந்தபடி எழுதியிருக்கிறார். படிக்கப் படிக்க எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. சிலருக்குப் பெயருக்குப் பதில் "கண்ணாடித் தம்பி", "ரசம் ரெண்டு தடவை".

ராத்திரி டிபன் தீபாவளி வரைக்கும் ஓடும் என்றார். அப்புறம் பார்க்கலாமாம்.

---

கல்லடுப்பு | அக்டோபர் 9, காலை 11.05

தாராபுரம் என்றால் விசாரிக்கலாம். அப்போது எங்களோடு பரிமாறின பையனுடைய அண்ணன் அங்கே பேக்கரியில் இருக்கிறான். கேட்டுச் சொல்கிறேன்.

---

குறுக்குச்சந்து | அக்டோபர் 11, இரவு 9.15

இன்றைக்குச் சனிக்கிழமை. கூலி வாங்கினதும் வீட்டுக்குப் போகாமல் நேராகப் போய்விட்டேன். வீட்டுக்குப் போனால் மனசு மாறிவிடும்.

உள்ளே நுழைந்ததும் அக்கா பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை, இலை போட்டார். முதலில் பணத்தைக் கொடுத்துவிடுகிறேன் என்று 1,840ஐ நீட்டினேன். எண்ணினார். டைரியை எடுத்துப் புரட்டினார். பிறகு 200 ரூபாயைத் திருப்பிக் கொடுத்தார்.

"41 நாள்தான் கண்ணு. ஞாயித்துக்கெழமை ராத்திரி நம்ம கடையே இல்லியே, 46 எப்படி வரும்?"

மூன்றரை வருஷமாக நான் 1,840க்குப் பயந்துகொண்டிருந்தேன், பாக்கி 1,640தான்.

தோசை இரண்டு, கொள்ளுத் துவையல். மாஸ்டர் மாறின பிறகு தோசை கொஞ்சம் தடிமன். ஊடைநூல், நீங்கள் எப்போது போகிறீர்கள் என்று சொல்லுங்கள், நானும் வருகிறேன். எழுந்து கை கழுவிவிட்டுக் கிளம்பினேன். வாசல் வரைக்கும் வந்துவிட்டேன், பின்னாலிருந்து கூப்பிட்டார்.

"கண்ணு, இன்னிக்கி சாப்பாட்டுக்கு அம்பது ரூவா."